திரைக்காப்பு

நாற்பத்து மூன்றுக்குப் பிறகு
நாற்பத்தொன்று வருகிறது.
நடுவில் ஒரு நொடியை விழுங்கிவிட்டது
விண்கப்பலின் கடிகாரம்.

முப்பத்தெட்டு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை.
இர்மெலி கண்ணில் பட்டது
குவோப்பியோ நகரத்தில், ஒரு பிப்ரவரி விடியலில்,
வெப்ப நிலையத்தில் இரவுப் பணி முடித்து வந்து
ஈரக் காலுறைகளை ரேடியேட்டர்மேல் விரித்துவிட்டு
படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது.

கதை அவளுக்கு ஒரு பொருட்டில்லை.
நாயகன் ஏன் அழுகிறான், எந்தக் கோளுக்குப் போகிறார்கள்,
கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.
அவன் தோளுக்குப் பின்னால்
ஒரு சாண் அகலத்தில் ஒளிரும் பச்சைத் திரை.
அதுதான் படம்.
ஒன்பது வயதில், தியேட்டர் இருக்கையில்,
தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தவள் அவள்,
அவன் தோளைச் சுற்றி எட்டிப்பார்த்துவிடலாம் என்று.

வேலையிடத்தில் அவள் முன் ஆறு திரைகள்.
நீரின் சூடு, குழாயின் அழுத்தம், கொதிகலன் இரண்டு.
ஊர் விறைக்காமல் இருப்பது அவற்றால்தான்.
ஆனாலும் சாம்பல் நிறம்.
மெய்யானவற்றுக்கு
இவ்வளவு பச்சை தேவைப்படுவதில்லை போலும்.

எட்டு வாரம் நிரல் எழுதினாள்.
வட்டம் கேட்டால் வட்டம் தந்தது கணிப்பொறி.
கோடு கேட்டால் கோடு.
அளவெல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்தியும்
சப்பென்று இருந்தது.

திரும்பப் போய்ப் பார்த்தாள்.
ஏழின் கால் ஒவ்வொரு முறையும் வேறு நீளம்.
சுற்றுப்பாதை ஓரிடத்தில் மூடவே இல்லை.
அப்போதுதான் விளங்கிற்று:
அந்தக் கப்பலில் கணிப்பொறியே இல்லை.
கறுப்பு அட்டை. அதில் பிளேடால் கீறிய எண்கள்.
பின்னால் ஒரு விளக்கு, பச்சைக் கண்ணாடித்தாள்.
ஓர் எண்ணுக்கு ஓர் அட்டை என்று
ராத்திரி முழுக்க யாரோ உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள்.
நாற்பத்திரண்டு
மேசைக்கு அடியில் விழுந்திருக்கும்.

ஆகவே
நடுங்கக் கற்பித்தாள் கணிப்பொறிக்கு.
முதலில் தாறுமாறாக ஆடிற்று.
குடித்தவன் நடுக்கம் வேறு, களைத்தவர் நடுக்கம் வேறு.
களைத்த கை
வரிசையின் இடப்பக்கம் உறுதியாகத் தொடங்கும்,
வலப்பக்கம் போகப் போகச் சரியும்,
அடுத்த வரியில் மறுபடி நிமிரும்.
இதை அவள் எங்கும் படிக்கவில்லை.
காலை நான்கு மணிக்கு
பதிவேட்டில் தன் கையே எழுதிய எண்களைப் பார்த்தாள்.

கீழ் மூலையில் ஒரு முடி.
நான்கு நொடி இருந்துவிட்டுப் போகிறது.
லென்ஸில் ஒட்டியதோ, அட்டையில் உதிர்ந்ததோ,
யாருடையதென்று இனிக் கேட்க ஆளில்லை.
அந்த வளைவுக்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது.

பார்க்க வந்த ஓஸ்மோ
காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
உன் நிரலில் பிழை, ஓர் எண் குறைகிறது.
தெரியும் என்றாள். சிரித்தாள்.
அவன் விரல் நீட்டி விசையைத் தொட
தொட்டாற்சுருங்கிபோலச் சுருண்டது கப்பல்.
மின்கட்டண ரசீது வந்து நின்றது.

ஒரே உருவத்தைத் தாங்கித் தாங்கி
பழைய திரைகள் தழும்பேறிப் போகுமாம்.
அதைத் தடுக்க வந்ததாம் இந்தக் காப்பு.
இன்றைய திரைக்குத் தழும்பில்லை.
தழும்பு அவளிடம் இருக்கிறது.

செய்து முடித்தாயிற்று. பார்ப்பதுதான் சிரமம்.
சும்மா இருந்தால்தான் வரும்.
தொடைக்கடியில் கைகளைப் புதைத்து
ஐந்து நிமிடம் காத்திருக்கிறாள்,
கணிப்பொறி தன்னை மறக்கட்டும் என்று.

இன்று அவளுக்கு இரவுப் பணி. வெளியே கழித்தல் இருபத்தாறு.
பூட்டிய வீட்டில் சுவரெல்லாம் பச்சை.
நாற்பத்து மூன்று. நாற்பத்தொன்று.
முடி வருகிறது,
நிற்கிறது,
போகிறது.
ரேடியேட்டர்மேல் காலுறைகள் உலர்கின்றன,
ஏரிக்கு அந்தப் பக்கம்
சாம்பல் திரைமுன் அமர்ந்து
அவள் அனுப்பிக்கொண்டிருக்கும் சூட்டில்.